பிரேக் இன்னும் பஞ்சு மாதிரி இறங்குதா? ஏபிஎஸ் பிளாக்குக்குள்ள காத்து நிக்கலாம்

தம்பி, பிரேக் மெயின் பம்ப் (மாஸ்டர் சிலிண்டர்) மாத்தி, பிரேக் குழாயில இருந்து மூணு தடவ காத்து எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி இறங்குது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது வீல் லாக் ஆகாம பாத்துக்கிற அமைப்பு) லைட்டும் அணையலன்னு எழுதியிருந்தீங்க, இது ரெண்டும் வேற வேற பிரச்சனையா இருக்கலாம், ஒண்ணா போட்டுக் குழப்பிக்காதீங்க.

மெயின் பம்ப் மாத்தும்போது டப்பால பிரேக் ஆயில் வத்திப்போனா காத்து ஏபிஎஸ் பிளாக்குக்குள்ள போய் உக்காந்துக்கும், அங்க சில வால்வு சாதாரணமா மூடியே கிடக்கும், அதான் நீங்க எவ்வளவு மிதிச்சாலும் வெளிய வரல. ஏபிஎஸ் பம்ப்ப ஓட விடுற ஸ்கேனர் வச்சிருக்கிற ஃபோர்மன்கிட்ட (மெக்கானிக்) போங்க, பம்ப் ஓடும்போதே காத்து எடுக்கணும், அப்புறம் நாலு வீலும் மறுபடி. பின்னால டிரம் பிரேக்னா முதல்ல அத டைட் வைங்க, லூசா இருந்தாலும் பெடல் கீழ போகும், நான் ஒரு முழு ஞாயித்துக்கிழமை இத கவனிக்காம வீணாக்கினேன்.

எஞ்சின் ஓடும்போது பெடல மிதிச்சு அப்படியே பிடிங்க, மெதுவா கீழ இறங்கிக்கிட்டே போனா, வெளிய கசிவும் இல்லன்னா, புது மெயின் பம்ப்பே உள்ள லீக்கா இருக்கலாம். அப்படின்னா வண்டிய ஓட்டாதீங்க, பினாங்கு பாலம் பக்கமே போகாதீங்க, இழுவை வண்டி கூப்பிடுங்க.

ஏபிஎஸ் லைட்டுக்கு ஸ்கேனர்ல பிழை கோட் படிங்க, பெரும்பாலும் வீல் சென்சார்தான். செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டுல ஓடுற காடியா (காரா)? சென்சார் முனையில இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும், துணியால தொடச்சிட்டு பாருங்க.

பிரேக் ஆயில் தரம் டாட் 3யா 4ஆன்னு வண்டியில இருக்கிற ஆயில் டப்பா மூடியிலயே இருக்கும், புது டப்பா உடைச்சு ஊத்துங்க, நம்ம ஊரு ஈரத்துல திறந்து வச்சது தண்ணி குடிச்சிடும்.