செய்தியில் வந்த மருந்து நம் கிளினிக்குக்கு எப்போது வரும்? – டர்பன் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பிறகு, அறிவியல் செய்திகளைப் பற்றிய ஐயங்களைச் சீட்டில் எழுதிப் போடும்படி கேட்டிருந்தோம். எவர்சில்வர் சம்படம் நிறையச் சீட்டுகள் சேர்ந்தன. பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. வகுப்பு ஆசிரியை அவற்றைத் தமிழாக்கித் தந்தார். நான் மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இயற்பியலும் பொறியியலும் ஆர்வத்தால் படித்தவை என்பதால், அந்தக் கேள்விகளுக்கு அந்த அளவில்தான் விடை சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், இரண்டு பெண்களின் தாய்): ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் எச்.ஐ.வி. ஊசி வந்துவிட்டது என்கிறார்கள். அது தடுப்பூசியா, குணப்படுத்தும் மருந்தா?

இரண்டும் இல்லை, அம்மா. தடுப்பூசி என்றால் நம் உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். லெனகாபவிர் என்னும் இந்த மருந்து அப்படிச் செய்வதில்லை. வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்தப்பட்டதும் அங்கேயே தங்கி, ஆறு மாதம் சிறுகச் சிறுகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. வைரஸ் உள்ளே வந்தால் அது பெருக முடியாமல் செய்கிறது. அந்த வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றி ஒரு புரத ஓடு உண்டு. அந்த ஓடு பயணத்தின்போது கெட்டியாக இருக்க வேண்டும், சரியான இடத்தில் திறந்துகொள்ளவும் வேண்டும். மருந்து ஓட்டின் துண்டுகளுக்கு இடையே போய் ஒட்டிக்கொண்டு, இந்த இரண்டையுமே குலைத்துவிடுகிறது.

இந்த மருந்தின் முக்கியச் சோதனை நம் நாட்டிலும் உகாண்டாவிலும்தான் நடந்தது. 16 முதல் 25 வயது வரையிலான, நோய்த்தொற்று இல்லாத 5,338 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். 2024ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த முடிவின்படி, ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. தினமும் விழுங்கும் டெஸ்கோவி மாத்திரை தரப்பட்ட 2,136 பேரில் 39 பேருக்கும், பழைய ட்ருவாடா மாத்திரை தரப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்கும் தொற்றியது. இதைப் படித்துவிட்டு மாத்திரை பயனற்றது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலோர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்பது தெரிந்தது.

ஏன் விழுங்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இல்லை. மருந்து வாங்க வரும் இளம்பெண்கள் சிலர், குப்பிக்குள் பஞ்சு வைத்துத் தரும்படி என்னிடம் கேட்டதுண்டு. கைப்பைக்குள் மாத்திரைகள் கலகலவென்று ஓசையிட்டால் வீட்டில் கேள்வி வரும், காதலனுக்குச் சந்தேகம் வரும். ஊசிக்கு ஓசை கிடையாது. 2010ஆம் ஆண்டிலேயே, நம் டர்பனில் இயங்கும் காப்ரிசா ஆய்வு மையம் 889 பெண்களிடம் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்புக் களிம்பைச் சோதித்து, தொற்று 39 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தது. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. நம் மாகாணத்துப் பெண்கள் அன்று கற்றுத் தந்த பாடத்திற்கு மருந்தின் வடிவிலேயே விடை வந்து சேரப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

இனி விலை. அமெரிக்காவில் இது 2025 ஜூனில் அனுமதி பெற்றபோது, ஓர் ஆண்டுக்கான விலை 28,000 டாலருக்கு மேல். இந்திய நிறுவனங்கள் தயாரிக்கவிருக்கும் பொதுப்பெயர் மருந்தை 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதென்று ஒப்பந்தமாகியிருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 அக்டோபரில் அனுமதி அளித்தது. ஆனால் இந்த ஊசி எச்.ஐ.வி.யை மட்டுமே தடுக்கும். மேகநோயையோ கருத்தரிப்பையோ தடுக்காது. பிள்ளைகளிடம் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி (மெரிபேங்க், ஓய்வு பெற்ற ஆசிரியர்): பிறந்தவுடன் எல்லாருக்கும் பி.சி.ஜி. போடுகிறார்கள். பிறகு ஏன் இத்தனை பேருக்குக் காசநோய்? புதிய தடுப்பூசி ஒன்று வருகிறதாமே?

ஐயா, பி.சி.ஜி. 1921இல் முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்ட தடுப்பூசி. கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயை அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரலில் வருகிற, இருமலில் பரவுகிற நோயை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நூறு ஆண்டுகளாக நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான்.

புதியதன் பெயர் எம்72. தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியா ஆகிய நாடுகளில், உடலில் காசக்கிருமி உறங்கிக்கொண்டிருந்த பெரியவர்களிடம் அதைச் சோதித்தார்கள். மூன்று ஆண்டுகளில் நோயாக முற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2019இல் அறிவித்தார்கள். பாதிதானா என்று கேட்காதீர்கள். காசநோயைப் பொறுத்தவரை அது பெரிய எண். அந்தத் தடுப்பூசியுடன் சேர்க்கும் தூண்டுபொருளில், சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கும் நுரைப்பொருளும் இருக்கிறது. நம் பாட்டிமார் பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் தலைக்குத் தேய்த்தார்களே, அந்த நுரைக்கு உறவான வகைதான். மூன்றாம் கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. 20,000 பேர் வரை சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். முடிவு வரச் சில ஆண்டுகள் ஆகும். உறங்கும் கிருமி விழித்துக்கொள்வதற்கு ஆண்டுக் கணக்காகும் என்பதால், ஆய்வாளர்கள் நினைத்தாலும் இதை விரைவுபடுத்த முடியாது.

தடுப்பூசியை எல்லாரும் கேட்கிறார்கள், மருந்தில் நடந்த மாற்றத்தை யாரும் கேட்பதில்லை, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நம் மாகாணத்துத் துகேலா ஃபெர்ரியில், முக்கிய மருந்துகளுக்கு மசியாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்ததாக 2006இல் செய்தி வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த நாள்களில் இத்தகைய நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டு வரை சிகிச்சை. கைப்பிடி நிறைய மாத்திரை, அத்துடன் மாதக்கணக்கில் கானாமைசின் ஊசி. அந்த ஊசி செவி நரம்பைக் கெடுக்கும். மருந்து வாங்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியை ஐந்தாம் மாதம் பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. மறுபடியும் அழைத்தேன். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்து வந்தார். நோய் குணமானது, காது திரும்பக் கிடைக்கவில்லை.

காசக்கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரித்துக்கொள்ளும் இயந்திரத்தையே நிறுத்திவிடும் பெடாகுவிலின் என்ற மாத்திரை வந்த பின், 2018இல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசியை வழக்கமான சிகிச்சையிலிருந்து விலக்கியது. பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினேசோலிட் என்ற மூன்றையும் சேர்த்து ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வும் நம் நாட்டில்தான் நடந்தது. 109 நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள் என்று 2020இல் வெளியிட்டார்கள். லினேசோலிட்டால் பலருக்குக் கால் மரத்துப்போவதும் இரத்தம் குறைவதும் உண்டு. அதனால் பின்னர் அதன் அளவைக் குறைத்தார்கள். என்னைக் கேட்டால், நான் பணியில் இருந்த காலத்தில் கண்ட முன்னேற்றங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்; ஆனால் தொலைக்காட்சிக்கு இது செய்தியாகவில்லை.

கேள்வி (லாடியம், பொறியியல் மாணவர்): செயற்கை நுண்ணறிவே மருந்து கண்டுபிடிக்கிறது என்றால், பத்து ஆண்டு காத்திருப்பது இனி எதற்கு?

தம்பி, எந்தப் பகுதி விரைவாகியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு புரதம் எந்த உருவில் மடிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முன்பு ஓர் ஆய்வு மாணவரின் முழுப் படிப்புக் காலமும் போய்விடும். ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்கு உருவத்தைக் கணித்து 2022இல் பொதுவில் வைத்துவிட்டது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்ப்பரும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரிழிவுக்கென்று சோதித்துக் கைவிடப்பட்டிருந்த ஒரு பொருள் கிருமிகளைக் கொல்லும் என்பதைக் கணினியின் துணையால் கண்டுபிடித்து, அதற்கு ஹாலிசின் என்று பெயரிட்டார்கள்.

இவை எல்லாம் சோதனைக்குழாய்க்கும் எலிக்கும் முந்தைய அல்லது அந்த அளவிலான வேலை. அந்தப் பொருளை நம் கல்லீரல் என்ன செய்யும், சிறுநீரகம் தாங்குமா, ஆறாவது மாதம் என்ன ஆகும் என்பதை மனிதரிடம் கொடுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும். அங்கே நாள்காட்டிதான் முதலாளி. இலக்கையும் மூலக்கூற்றையும் கணினியே தேர்ந்தெடுத்த ரென்டோசெர்டிப் என்ற மருந்தை, நுரையீரல் தழும்பேறும் நோய் கொண்ட 71 பேரிடம் சோதித்து 2025இல் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். 71 பேர்தான் என்பதை மறக்க வேண்டாம். மனிதச் சோதனைக்குள் நுழையும் பத்து மருந்துகளில் ஏறத்தாழ ஒன்பது தோற்றுப்போவது நெடுநாள் அனுபவம். கணினி அந்தக் கணக்கை மாற்றிக் காட்டினால் அன்று நானே இனிப்பு வாங்கித் தருகிறேன்.

கேள்வி (பீனிக்ஸ்): வாரம் ஒரு முறை போடும் எடை குறைப்பு ஊசி, சர்க்கரை நோயாளிகளான எங்களுக்கு நல்லதா?

இதற்கு உங்கள் மருத்துவரே விடை சொல்ல வேண்டும். நான் பின்னணியை மட்டும் சொல்கிறேன். சாப்பிட்டதும் குடலில் சுரந்து, இன்சுலினைத் தூண்டிப் பசியை அடக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் இரண்டே நிமிடத்தில் சிதைந்துவிடும். கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அதைப்போன்ற, ஆனால் நெடுநேரம் நிலைக்கும் பொருளை ஜான் எங் என்பவர் கண்டதுதான் தொடக்கம். நீங்கள் கேட்ட வாராந்தர ஊசிகளில் ஒன்றான செமாகுளூட்டைட் ஒரு வாரம் நிலைக்கும். நீரிழிவு இல்லாத, ஆனால் இதயநோயும் கூடுதல் எடையும் உள்ள 17,604 பேரிடம் நடந்த சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மொத்தமாக 20 விழுக்காடு குறைந்தன என்று 2023இல் கண்டார்கள். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவே வாங்காதீர்கள். போலிகள் உலவுவதாக 2024இல் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. புரட்டாசியில் இறைச்சியை விட்டுவிட்டு வடையிலும் பாயசத்திலும் ஈடுகட்டுகிற நம் வழக்கத்திற்கு எந்த ஊசியும் பொறுப்பேற்காது.

கேள்வி (டொங்காட், மின்பணியாளர்): சூரியனில் நடப்பதைப் பூமியில் செய்துவிட்டார்களாம். லோட் ஷெடிங் இனி நிரந்தரமாக ஒழியுமா? அதுவரை கூரையில் போட நல்ல பேனல் ஏதாவது வருகிறதா?

2022 டிசம்பர் 5ஆம் நாள், கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கதிர்களை ஒரு மிளகளவு எரிபொருள் உருண்டையை வைத்த சிறு உருளைக்குள் குவித்தார்கள். லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், அணுக்கரு இணைவிலிருந்து வந்தது 3.15 மெகாஜூல். செலுத்தியதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் நீங்கள் மின்பணியாளர், மீட்டரைப் பார்ப்பவர். உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, 0.875 யூனிட். இரண்டு கிலோவாட் கெட்டில் ஒன்றை 26 நிமிடம் கொதிக்க வைக்கலாம். அந்த லேசர்களை இயக்கச் சுவரிலிருந்து இழுத்த மின்சாரமோ சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். இயற்பியலாளருக்கு அது வெற்றி. மின்நிலையப் பொறியாளருக்கு வேலை இன்னும் தொடங்கவே இல்லை. ஒரு நாளுக்கு ஓர் உருண்டை என்ற நிலையிலிருந்து நொடிக்குப் பல உருண்டைகள் என்ற நிலைக்கு வர வேண்டும்.

பேனல் விஷயம் உங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது கூரைகளில் இருக்கும் சிலிக்கான் பேனல்கள் வெயிலில் நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு பங்கை மின்சாரமாக்குகின்றன. சிலிக்கான் மட்டும் என்றால் ஏறத்தாழ 29 விழுக்காட்டைத் தாண்ட முடியாது என்பது கோட்பாட்டு எல்லை. அதன் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற மெல்லிய படலத்தைப் பூசினால், நீல ஒளியை மேற்படலமும் சிவப்பு ஒளியைச் சிலிக்கானும் பங்கிட்டுக்கொள்ளும். இப்படி அடுக்கிய செல் ஒன்றில் சீன நிறுவனமான லோங்கி 2025இல் 34.85 விழுக்காட்டை எட்டியது. அது ஆய்வகத்துச் சிறு செல். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது. நம் டர்பன் கடற்கரையிலோ பிப்ரவரி மாதத்தில் அலமாரியில் வைத்த அப்பளம்கூட நமத்துப்போகிறது. சாதாரண பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அடுக்குப் பேனலுக்கும் அதே உத்தரவாதத்தை எழுத்தில் தரும்வரை, வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லாமல் சிலிக்கானையே போட்டுக் கொடுங்கள். பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகை இன்றைக்குப் போதும்.

கேள்வி (தமிழ் வகுப்பு மாணவி, வயது 12): மீர்காட் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் கைபேசி கொண்டுபோகக் கூடாதாமே, ஏன்?

ஏனென்றால் அது பார்க்கும் தொலைநோக்கியன்று, கேட்கும் தொலைநோக்கி. வட கேப் மாகாணத்தில் கார்னார்வன் ஊருக்கு அப்பால், 13.5 மீட்டர் அகலமுள்ள 64 கிண்ணங்கள் விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கின்றன. 2018 ஜூலையில் திறந்தார்கள். அங்கு வந்து சேரும் அலைகள் மிக மிக மெலிந்தவை. பக்கத்தில் ஒரு கைபேசி இயங்கினால், திருவிழாவில் மேளம் அடிக்கும்போது காதில் ரகசியம் சொன்னது போல் ஆகிவிடும். அந்த வட்டாரத்தின் ரேடியோ அமைதியைக் காக்க 2007இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

அந்த அமைதியில் கேட்டது என்ன தெரியுமா? 33 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு இரு புறமும் பீறிட்டுப் பாயும் ஒரு ரேடியோ விண்மீன் மண்டலம். நம் பால்வீதியைவிட 32 மடங்கு பெரியது. 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அதன் பீற்றுகள் ஓரிடத்தில் காரணம் புரியாமல் வளைந்திருப்பதால், ஆய்வாளர்கள் அதற்கு 'இன்காத்தாஸோ' என்று பெயர் வைத்தார்கள். பள்ளியில் நீ சூலு மொழி படிக்கிறாய் அல்லவா? பொருள் உனக்கே தெரியும்: தொல்லை.