பிள்ளையா, திருச்சபையா: ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: "நான் தினமும் செபமாலை சொல்லும் கத்தோலிக்கத் தாய். என் 24 வயது மகன் தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று போன மாதம் சொல்லிவிட்டான். அவனை ஏற்றுக்கொண்டால் நான் திருச்சபைக்கு எதிரியாகிவிடுவேனா? இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா?"

வேண்டியதில்லை அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியோடு எங்கள் வீட்டில் ஒருவர் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தார் என்று எனக்குத் தெரியும்.

நான் 16 ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். என் தங்கை தன்பாலீர்ப்புள்ளவள். அது எங்களுக்குத் தெரியவந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு நல்ல குரல். 12 வயதிலிருந்து எங்கள் பங்குக் கோயிலின் பாடல்குழுவில் இருந்தாள், பதிலுரைப் பாடல் பெரும்பாலும் அவள்தான் பாடுவாள். அவள் யாரோடு வாழ்கிறாள் என்ற பேச்சு பங்கில் பரவியதும், அப்போதைய பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சியை கொஞ்ச நாளைக்குப் பாட வர வேண்டாம்னு சொல்லுங்க, மக்கள் இடறல்படுறாங்க" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அவளுடைய பாட்டுக் கோப்பை எடுத்துவர நான்தான் போனேன். ஒவ்வொரு திருப்பாடலிலும் எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தாள். 'ஆண்டவரே என் ஆயர்' பாடலில், சாவின் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு வருகிற வரிக்கு முன்னால் ஒரு கோடு. அதன் பக்கத்தில் 'அவசரப்படாதே' என்று தனக்குத்தானே எழுதி வைத்திருந்தாள். அந்தக் கோப்போடு படிக்கட்டில் உட்கார்ந்து அன்று நான் அழுதேன். பிறகு வீட்டுக்கு வந்து, இத்தனை ஆண்டு வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த, திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலை எடுத்து, இதைப் பற்றித் திருச்சபை உண்மையில் என்னதான் சொல்கிறது என்று முதல் முறையாக ஒழுங்காக வாசித்தேன்.

அந்த நூலில் பத்திகளுக்கு எண் உண்டு. இதைப் பற்றி மூன்றே மூன்று எண்கள்தான்: 2357, 2358, 2359. முதலாவது, ஒரே பாலினத்தவரிடையேயான உடலுறவு தன்னிலேயே ஒழுங்கற்றது, எந்த நிலையிலும் ஏற்க முடியாதது என்கிறது. அந்த ஈர்ப்பு எப்படி உருவாகிறது என்பதற்கு இன்னும் சரியான விளக்கம் இல்லை என்பதையும் அதே எண் ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது, இந்த மனிதர்களை மரியாதையோடும் பரிவோடும் கவனமான மென்மையோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் எந்தச் சாயலும் கூடாது என்கிறது. மூன்றாவது, அவர்கள் கற்புநெறிக்கு அழைக்கப்பட்டவர்கள் என்கிறது, அதாவது உடலுறவைத் தவிர்த்து வாழச் சொல்கிறது.

இதில் ஈர்ப்பு வேறு, செயல் வேறு. அப்படி ஒரு ஈர்ப்பு இருப்பதே பாவம் என்று திருச்சபை ஒருபோதும் போதிக்கவில்லை. உங்கள் மகன் உங்களிடம் சொன்னது தன்னுடைய ஈர்ப்பைத்தான். திருச்சபையின் கண்ணோட்டத்திலேயே அதில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒன்றுமில்லை. இதை நிறைய பேர், குருக்கள் உட்பட, போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

ஆனால் உங்களிடம் பூசி மெழுகவும் எனக்கு விருப்பமில்லை. 1992-ல் மறைக்கல்வி நூல் முதலில் வெளிவந்தபோது, இவர்கள் இந்த நிலையைத் தாங்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்ற வரி 2358-ல் இருந்தது. 1997-ல் இறுதி இலத்தீன் பதிப்பு வந்தபோது அந்த வரி போய்விட்டது. அந்த இடத்தில், இந்த ஈர்ப்பே ஒழுங்கற்ற ஒன்று என்ற சொற்கள் வந்தன. இறையியலாளர்கள் அதற்குத் தத்துவ விளக்கம் தருவார்கள்: மனித உறவின் இயல்பான நோக்கத்தை நோக்கி அது திரும்பியிருக்கவில்லை என்பதுதான் பொருள், ஆளைக் குறை சொல்வதல்ல என்பார்கள். சரி, வகுப்பறையில் அந்த விளக்கம் நிற்கும். 17 வயதில் முழந்தாளில் நின்று செபிக்கும் ஒரு பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? "கடவுள் என்னைச் செய்யும்போது கை தவறிட்டாரா அண்ணா?" என்று என் தங்கை என்னைக் கேட்டாள். 16 ஆண்டு மறைக்கல்வி ஆசிரியனிடம் அதற்குப் பதில் இல்லை. இந்தச் சொல் மாற வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், மறைக்காமல் சொல்கிறேன்.

மாறுமா என்றால், அந்த நூல் மாறியே இருக்கிறது. மரண தண்டனை பற்றிய 2267-ஆம் எண்ணைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல் திருத்தி எழுதினார். அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. உடலுறவு பற்றிய போதனை திருமணம், குழந்தைப்பேறு என்று ஆழமாக வேர்விட்ட ஒன்று. கூடலையும் பிள்ளைப்பேற்றுக்கான திறப்பையும் பிரிக்கக் கூடாது என்பது அதன் அடித்தளம். 1968-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையைத் தடுத்ததும் இதே அடித்தளத்தில்தான். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கருத்தடை செய்துகொண்ட தம்பதியரை எந்தப் பங்கில் பாடல்குழுவிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள்? யாரிடமாவது போய்க் கேட்டிருக்கிறார்களா? ஒரே வேரிலிருந்து வரும் இரண்டு போதனைகள். ஒன்றை மனச்சான்றுக்கு விட்டுவிட்டு, இன்னொன்றுக்கு மட்டும் கோயில் வாசலில் காவல் நிற்கிறோம். 2358 சொல்லும் அநியாயமான பாகுபாடு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, சோதோம். யாராவது உங்களிடம் கட்டாயம் அதை எடுத்து நீட்டுவார்கள். தொடக்கநூல் 19-ல் நடப்பது, விருந்தினராய் வந்த அந்நியர்மீது ஒரு கும்பல் வன்முறைக்குப் பாய்வது. சோதோமின் குற்றம் என்னவென்று எசேக்கியேல் 16:49 தெளிவாகவே சொல்கிறது: செருக்கு, மிதமிஞ்சிய உணவு, கவலையற்ற வாழ்வு, ஏழைக்கும் எளியவருக்கும் கை கொடுக்காதது. லேவியர் நூலிலும் பவுலின் உரோமையர் திருமுகத்திலும் கடினமான வரிகள் உண்டு. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் அறிஞர்களிடையே பெரிய விவாதமே இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. வேத வசனத்தை மட்டும் உங்கள் மகனிடம் வாசித்துக் காட்டாதீர்கள். அவன் அதையெல்லாம் உங்களுக்கு முன்பே, தனியாக, பயந்து பயந்து வாசித்து முடித்திருப்பான்.

உரோமையிலிருந்து வரும் குரலும் ஒரே சுருதியில் இருந்ததில்லை. 1986-ல், அப்போது கர்தினாலாக இருந்த, பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன இராட்சிங்கர் கையெழுத்திட்ட மடல் மிகக் கடுமையானது. அதே மடல்தான் இவர்கள்மீதான வன்சொல்லையும் வன்செயலையும் கண்டித்தது. அமெரிக்காவில் ஜெனின் கிராமிக் என்ற அருள்சகோதரி 1977-ல் இவர்களுக்காக ஒரு பணியைத் தொடங்கினார். 1999-ல் வத்திக்கான் அவரை அந்தப் பணியிலிருந்து தடை செய்தது. அவர் விடவில்லை. 2023 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைத் தன் இல்லத்திலேயே வரவேற்றுப் பேசினார். 24 ஆண்டுகள்! அந்தச் சகோதரியின் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பலம் வரும்.

பிரான்சிஸ் 2013-ல் விமானத்தில் செய்தியாளர்களிடம், ஆண்டவரைத் தேடுகிற நல்மனம் கொண்ட ஒருவரைத் தீர்ப்பிட நான் யார் என்று கேட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் 2021 மார்ச்சில், ஒரே பாலின இணைகளுக்கு ஆசீர் தர முடியாது, கடவுள் பாவத்தை ஆசீர்வதிக்க முடியாது என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்ததும் அவர் காலத்தில்தான். என் தங்கை அன்று என்னைக் கூப்பிடவே இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் பேசினாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2023 டிசம்பர் 18-ல் 'ஃபிதூச்சியா சுப்ளிக்கான்ஸ்' என்ற வத்திக்கான் அறிக்கை வந்தது. திருமணம் போலத் தோன்றாதபடி, வழிபாட்டுச் சடங்கு இல்லாமல், இந்த இணைகளுக்கும் குரு எளிய ஆசீர் தரலாம் என்றது. அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் சார்பில் காங்கோ நாட்டுக் கின்ஷாசாவின் கர்தினால் அம்போங்கோ, எங்கள் கண்டத்தில் அது நடக்காது என்று அறிவித்தார். ஜெர்மனியிலோ அதற்கு முன்பே பல குருக்கள் வெளிப்படையாக ஆசீர் தந்துகொண்டிருந்தார்கள். ஒரே திருச்சபைதான்.

இந்த இழுபறியில் ஒரு விஷயம் மட்டும் அசையாமல் நிற்கிறது. 2023 ஜனவரியில் பிரான்சிஸ் ஒரு பேட்டியில், தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று சொன்னார். இவர்களைத் தண்டிக்கும் சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்கள் மனமாற வேண்டும் என்றார். 2024 ஏப்ரலில் வந்த மனித மாண்பு பற்றிய வத்திக்கான் ஆவணம், பாலின மாற்றத்தைக் கடுமையாக விமர்சிக்கிறது. திருநர்களை அது காயப்படுத்தியது, அதை மறுக்க முடியாது. அதே ஆவணம், பாலீர்ப்புக்காக மட்டுமே மனிதர்கள் சிறையில் அடைக்கப்படுவதையும், சித்திரவதை செய்யப்படுவதையும், உயிரையே இழப்பதையும் கண்டிக்கிறது. ஆகவே உங்கள் மகனை யாராவது இழிவுபடுத்தினால், அடித்தால், வீட்டை விட்டுத் துரத்தச் சொன்னால், திருச்சபையின் பெயரைச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை.

எங்கள் அம்மா இதையெல்லாம் வாசித்தவர் அல்ல. இரவு செபமாலையின் முடிவில் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுவார். முதல் ஒரு வருடம் தங்கையின் பெயரோடு "அவ மனசை மாத்தும் ஆண்டவரே" என்று சேர்த்துச் சொல்வார். ஒருநாள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்கும் பிறகு, கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, தங்கையின் துணைவியாருக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில், அந்தப் பெண்ணின் பெயரும் வரிசைக்குள் வந்தது. இன்றும் இருக்கிறது. போதனையை அம்மா மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவர் செபம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

உங்களுக்கும் அவசரம் வேண்டாம். ஆனால் சில காரியங்களில் தாமதம் கூடாது. பேய் ஓட்டுகிறேன், ஈர்ப்பை மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய செபக்குழு நடத்தினாலும், மகனை அங்கே கூட்டிப் போகாதீர்கள். ஈர்ப்பை மாற்றும் 'சிகிச்சை' பலனில்லாதது, மனச்சோர்விலும் தற்கொலை எண்ணத்திலும் கொண்டுபோய் விடக்கூடியது என்று மனநல மருத்துவ அமைப்புகள் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கின்றன. திருச்சபையும் அப்படி ஒரு மாற்றத்தைக் கட்டாயமாக்கவில்லை. அப்புறம், அவன் சம்மதம் இல்லாமல் இதை உறவினரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியது அவன். உங்களுக்கு மனம் திறந்து பேச ஆள் வேண்டுமென்றால், உங்கள் பாவசங்கீர்த்தன குருவிடம் பெயர் சொல்லாமல் பேசலாம். அவர் கடிந்துகொண்டால் வேறொருவரைத் தேடுங்கள். கேட்கத் தெரிந்த குருக்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். 2025 செப்டம்பரில், யூபிலி ஆண்டில், இவர்களும் குடும்பத்தினரும் உரோமைக்குத் திருயாத்திரையாகப் போய், தூய பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவு வழியே நடந்தார்கள். பெற்றோரும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

நற்கருணை வாங்கலாமா என்று அவன் கேட்டால், அவன் மனச்சான்றுக்கும் அவன் குருவுக்கும் இடையே அதை விட்டுவிடுங்கள். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு தகவலும் உங்களுக்கு என்றாவது உதவலாம். பிரேசில் நாட்டு ஆயர் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு, 2023 அக்டோபர் 31 தேதியிட்டு வத்திக்கான் ஒரு பதில் தந்தது. தன்பாலீர்ப்புள்ளவர், துணையோடு வாழ்பவராக இருந்தாலும், கோயில் திருமணத்துக்குச் சாட்சியாக நிற்பதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கவில்லை என்று அதில் இருக்கிறது. போன வருடம் எங்கள் தம்பிக்குத் திருமணம் நிச்சயமானபோது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு இப்போதைய பங்குத்தந்தையிடம் போனேன். இந்த முறை கேட்காமல் திரும்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, தங்கச்சியை வரச் சொல்லுங்க" என்றார்.

திருப்பலி முடிந்து பதிவேட்டை நீட்டியபோது அவள் கை நடுங்கியது. கோட்டுக்கு மேலே போய்விடக் கூடாதே என்று மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கையெழுத்துப் போட்டாள்.