வயலில் கட்டடம்: வாசகர்கள் கேட்டவை

கேள்வி: எங்கள் 40 சென்ட் நன்செய் பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கிறது. சீமைக் கருவேலம்தான் மண்டியிருக்கிறது. அதில் கிடங்கு கட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: தரிசாகப் போட்டதால் நன்செய் என்ற வகைப்பாடு மாறிவிடாது. அலுவலர்கள் பார்ப்பது, நிலம் நன்செயா புன்செயா என்று குறித்திருக்கும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டை. உங்கள் கிராமம் முழுமைத் திட்டப் பகுதிக்குள், அதாவது எந்த நிலம் எதற்கு என்று அரசு வகுத்த ‘மாஸ்டர் பிளான்’ எல்லைக்குள், வருகிறதா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் பொருந்தும். அனுமதி தருவது உள்ளாட்சி அமைப்பு. ஆனால் நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும். நன்செய் என்பதால் ஆட்சியரின் இசைவும் தேவை. திட்டப் பகுதிக்குள் விவசாய மண்டலமாக இருந்தால் வழியே வேறு: மண்டல வகைப்பாட்டை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்கு முன் புலப்பட நகலை, அதாவது உங்கள் சர்வே எண்ணின் அளவை வரைபடத்தை, விரித்துப் பாருங்கள். வயலோரம் வாய்க்கால் கோடு தெரிகிறதா? தரையில் அது தூர்ந்து மேடாகியிருக்கலாம். பதிவேட்டில் வாய்க்கால் வாய்க்கால்தான். அதை அடைத்துக் கட்டினால் மேல் வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும், கீழ் வயல் காயும். கிடங்கைத் தள்ளிக் கட்டுங்கள், வாய்க்காலை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை மலிவாகக் கிடைக்கிறது. பட்டாவும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் தாமாக ஒப்புதல் தர முடியாது. பட்டா உரிமையைக் காட்டும் ஆவணம். மனைக்கான அனுமதி அல்ல. பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுக்கிறது. 20.10.2016-க்கு முன்பே அதே மனை வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் விலக்கு உண்டு. அதை வில்லங்கச் சான்றிதழிலும் பழைய பத்திரத்திலும் நேரில் பாருங்கள், தரகர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

கேள்வி: திருவாரூர் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, இங்கே வீடே கட்ட முடியாதா?

பதில்: கட்டலாம். 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது ஹைட்ரோகார்பன் எடுப்பு போன்ற, அதில் பட்டியலிட்ட தொழில்களை. வயலில் வீடு கட்ட வழக்கமான நிலப் பயன்பாட்டு அனுமதி இங்கேயும் வேண்டும்.

கேள்வி: சுயசான்று முறையில் வயலில் உடனே வீடு கட்டலாம் என்கிறார்களே?

பதில்: உரிமையாளரே சான்றளித்து இணையவழியில் கட்டட அனுமதி பெறும், 2024-இல் வந்த அந்த முறை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்கானது. அது கட்டட அனுமதியை விரைவுபடுத்தும். வயலை மனையாக்கித் தராது.