சாமுவேல் பெக்கெட் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர்: கேள்வி பதில்

புதுவாசகன்: இலக்கிய நோபல் வாங்கிய பெக்கெட் முதல்தர கிரிக்கெட் (பெரிய அணிகளின் அங்கீகரிக்கப்பட்ட பல நாள் ஆட்டம்) ஆடியது நிஜமா, கட்டுக்கதையா?

நிஜம். டப்ளின் பல்கலைக்கழக அணிக்காக, இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) அணியான நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக, 1925இல் ஒன்று, 1926இல் ஒன்று. முதல் ஆட்டத்தில் 18, 12. அடுத்ததில் 4, 1. இடதுகை மட்டையாளர், இடதுகை மிதவேகம். 64 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். டப்ளின் பல்கலைக்கழகம் என்றால் டிரினிட்டி கல்லூரி. யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளின் வேறு நிறுவனம், வேறு அணி. பாதிப் பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

கணக்குப்புலி: சராசரி எவ்வளவு சார்?

35ஐ 4ஆல் வகுத்தால் 8.75. நான்கு முறையும் அவுட், அதனால் கழிக்க நாட் அவுட் இல்லை. பந்துவீச்சுச் சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) கிடையாது. 64ஐப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது, கோடு போட்டு விடுங்கள். விரிதாளில் அந்தக் கட்டத்துக்கு 0.00 என்று நிரப்பினால், ஏறுவரிசையில் அடுக்கும்போது பெக்கெட் உலகின் சிறந்த பந்துவீச்சாளராக மேலே வந்து உட்கார்ந்துகொள்வார்.

மூணாவது ஸ்லிப்: நாலு வருஷம் படித்தவர் ரெண்டே மேட்ச்தானா? அவ்வளவு மோசமா?

பதிவேட்டைப் படிக்கும் முறையே தவறு. அதில் இருப்பது அவர் ஆடிய ஆட்டங்கள் அல்ல, 'முதல்தரம்' என்று முத்திரை குத்தப்பட்ட ஆட்டங்கள். 1923 முதல் 1927 வரை அவர் டிரினிட்டியில் இருந்தார். அந்த அணியின் வழக்கமான எதிரிகள் லீன்ஸ்டர், ஃபீனிக்ஸ் போன்ற டப்ளின் கிளப்புகள். அங்கே சதமே அடித்தாலும் முதல்தரக் கணக்கில் ஒரு ரன் ஏறாது. கடல் தாண்டி இங்கிலாந்தின் கவுண்டி அணியோடு ஆடியதுதான் ஏறும்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு நிலைமை வேறு. கவுண்டிகளோடு ஒவ்வொரு கோடையிலும் வரிசையாக முதல்தர ஆட்டங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த மூத்த பட்டோடி நவாப் 1931இல் கேம்பிரிட்ஜுக்கு எதிராக லார்ட்ஸில் 238 நாட் அவுட் அடித்தார். அந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்து டப்ளின்காரரை அளக்காதீர்கள். படிப்பு முடிந்தபின் பெக்கெட் 1928இல் பாரிஸ் போய்விட்டார். அத்தோடு முதல்தர வாழ்க்கை முடிந்தது.

பழைய அம்பயர்: ஒப்புக்கொள்ள மாட்டேன். மாணவர் அணிக்கு எதற்கு முதல்தர அந்தஸ்து?

கேட்க வேண்டிய கேள்விதான். 'முதல்தரம்' என்பதற்கு உலகம் முழுக்கச் செல்லும் வரையறை 1947இல்தான் வந்தது: பதினோரு பேர் கொண்ட இரண்டு அணிகள், மூன்று நாளோ அதற்கு மேலோ, இரண்டும் தகுதி பெற்றவை. அதுவும் முன்தேதியிட்டுச் செல்லாது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் பலவற்றைச் சேர்ப்பதும் விடுவதும் புள்ளிவிவரக்காரர்களின் தீர்ப்பு. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் ஆட்டத்தை மட்டும் உருவ முடியாது. உருவினால் எதிரணியில் ஆடியவர்களின் ரன்னும் விக்கெட்டும் சேர்ந்தே போகும்.

பழைய அம்பயர்: அப்படியானால் இங்கிலாந்து மட்டையாளர் ஜாக் ஹாப்ஸுக்கு முதல்தரத்தில் 197 சதமா, 199 சதமா? அதையும் சொல்லிவிடுங்கள்!

இரண்டும் புழக்கத்தில் உண்டு. 1930-31இல் விஜயநகரம் மகாராஜ்குமாரின் அணி இந்தியா, இலங்கைச் சுற்றுப்பயணத்தில் ஆடிய ஆட்டங்களை முதல்தரமாக எண்ணினால் 199, எண்ணாவிட்டால் 197. மொத்த ரன்னும் அப்படியே: 61,760 அல்லது 61,237. எந்தப் பட்டியலை எடுத்தாலும் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சதத்தை ஒன்றிலிருந்தும் ரன்னை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் கணக்கு ஒட்டவே ஒட்டாது.

பழைய அம்பயர்: இருந்தாலும் 35 ரன்னுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

ஹாப்ஸை இழுத்தது நீங்கள்.

சிறுபத்திரிகை ரசிகை: பெக்கெட்டின் 'கோடோ' நாடகத்தில் கிரிக்கெட் தாக்கம் உண்டா?

என் துறை இல்லை அம்மா. நாடகக்காரர்களிடம் கேளுங்கள்.

கோவை ஆஃப்ஸ்பின்: அமெச்சூர் என்பதை ஸ்கோர்கார்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்கால இங்கிலாந்து அட்டைகளில் அமெச்சூருக்கு, அதாவது சம்பளம் வாங்காமல் ஆடுபவருக்கு, 'மிஸ்டர்' போடுவார்கள், அல்லது முதலெழுத்து பெயருக்கு முன்னால் வரும். சம்பளக்காரருக்கு வெறும் குடும்பப்பெயர், அல்லது முதலெழுத்து பின்னால். மைதானத்துக்கு மைதானம் பழக்கம் மாறும். இந்தப் பாகுபாடு 1962 நவம்பரில் ஒழிந்தது. பிற்காலத் தரவுத்தளங்கள் எல்லோர் பெயரையும் ஒரே மாதிரி அச்சடிப்பதால் அங்கே தேடிப் பயனில்லை.

மயிலாப்பூர் எம்சிசி: நம்மூர்க்காரர் யாராவது அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படித்தார்களா?

கோட்டா ராமசாமி, கேம்பிரிட்ஜ். ஆனால் அங்கே பேர் வாங்கியது டென்னிஸில். 1922இல் டேவிஸ் கோப்பையும் ஆடினார். டெஸ்ட் ஆடியது 1936இல், நாற்பது வயதில்: இரண்டு ஆட்டம், 170 ரன். அவருக்குத் தனி இழை வேண்டும்.

புதியவன்22: பெக்கெட் யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளினுக்குத்தானே ஆடினார்?

முதல் பதில், இரண்டாம் பத்தி.

லெக்கட்டர்: அயர்லாந்து அணிக்கு எத்தனை மேட்ச் ஆடினார்?

ஒன்றுமில்லை.

லெக்கட்டர்: விக்கிபீடியாவில்...

அதில் இருப்பதும் டப்ளின் பல்கலைக்கழகம்தான். அதாவது டிரினிட்டி.