டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டைச் சொல்லாமல் விட்ட மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: இரண்டாவது குழந்தை உண்டானபோது எனக்கு 36 வயது முடிந்திருந்தது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் காட்டிக்கொண்டிருந்தோம். 13-ம் வாரம் ஸ்கேன் எடுத்து, குழந்தைக்குச் சில பிறவிக் கோளாறுகள் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கும் டபுள் மார்க்கர் டெஸ்டுக்கு ரத்தமும் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ரிப்போர்ட் பற்றிக் கேட்டதற்கு, “எல்லாம் நார்மல்தான்மா” என்றார் டாக்டர். மகள் டவுன் சிண்ட்ரோமுடன் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வளர்ச்சி மெதுவாகும் பிறவி நிலை) பிறந்தாள். இதயத்தில் ஓட்டையும் இருக்கிறது. இப்போது 14 மாதம். ஆபரேஷனுக்காகப் பழைய ஃபைலைக் கேட்டு வாங்கினோம். உள்ளே அந்த ரிப்போர்ட் இருந்தது. ‘ஹை ரிஸ்க், 1:62’ என்று போட்டிருக்கிறது. வழக்குப் போடலாமா? மாமியார், “பெத்த பிள்ளையை வேண்டாம்னு கோர்ட்டுல போய்ச் சொல்லப் போறியா?” என்கிறார். கணவரும் தயங்குகிறார். எனக்கும் உறுத்துகிறது.
— வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: சகோதரி, வழக்குப் போடலாம். ஆனால் நாள் அதிகம் இல்லை. உங்கள் மாமியார் கேட்ட கேள்விக்கு வருவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-வது பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்த நாள் எது என்பதில்தான் சண்டை வரும். ஃபைல் கைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அது நியாயம்தான். நோயாளிக்குத் தெரிய வழியே இல்லாத தவறுக்கு, தெரியவந்த நாளிலிருந்து கணக்கு வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஸ்ரீகண்டே வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆனால் மருத்துவமனையின் வக்கீல் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்துதான் எண்ணுவார். 13-ம் வாரத்துக்கும் பிரசவத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 மாதம், அப்புறம் இந்த 14 மாதம். அவர் கணக்கில் 20 மாதம் ஓடிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போடவும் வழி உண்டு. நேரம் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கர்ப்பகாலப் பரிசோதனைகளை முறைப்படுத்தும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் சென்டர் தன் பதிவுகளை 2 ஆண்டு வைத்திருந்தால் போதும். வழக்குத் தொடங்கிவிட்டால் மட்டும் அது முடியும்வரை வைத்திருக்க வேண்டும். மருத்துவமனையின் கேஸ் ஷீட்டுக்கு 3 ஆண்டு. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், ரத்தம் பரிசோதித்த லேப் மூன்றுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். லேபிடம் ரிப்போர்ட் எந்தத் தேதியில், யாருக்கு, எப்படிப் போனது என்று கேளுங்கள். கர்ப்பகால அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு நீங்கள் போன நாளில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். எடை, பி.பி., இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இருந்து டபுள் மார்க்கர் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அந்த வெற்றிடமே உங்களுக்குப் பெரிய சாட்சி.

சரி, 1:62 என்றால் என்ன? இதே முடிவு வந்த 62 தாய்மாரில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், 61 பேருக்கு இருக்காது. பெரும்பாலான லேப்கள் 1:250-ஐ எல்லையாக வைத்து, அதற்கு மேல் வாய்ப்பு இருந்தால் ‘ஹை ரிஸ்க்’ என்று போடுகின்றன. இது நோயை உறுதி செய்யும் பரிசோதனை இல்லை. “61 பேருக்கு ஒன்றும் இருக்காதே, எதற்கு பயமுறுத்துவது என்று நினைத்தோம்” என்று அவர்கள் வாதாடலாம். அப்படி நினைக்கும் உரிமை டாக்டருக்குக் கிடையாது. அவர் செய்திருக்க வேண்டியது, ரிப்போர்ட்டைக் காட்டி, பொருளை விளக்கி, அடுத்து உறுதியாகத் தெரிந்துகொள்ள, வயிற்றில் குழந்தையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்க்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனை இருக்கிறது, அதில் கருக்கலையும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு, வேண்டுமா வேண்டாமா என்று உங்களைக் கேட்பதுதான். 35 வயதைத் தாண்டிய கர்ப்பிணிக்கு அந்தப் பரிசோதனையை 1994 சட்டமே அனுமதிக்கிறது. அதுவும் அவளுக்குப் புரிகிற மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான். ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பதைத் தடுக்கப் பிறந்த சட்டம் அது. அப்படிப்பட்ட சட்டமே இந்தக் கதவைத் தாய்க்குத் திறந்து வைத்திருக்கிறது. முடிவு 18, 19-ம் வாரத்தில் வந்திருக்கும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, இத்தகைய காரணங்களுக்கு 24 வாரம்வரை வழி இருந்தது. போவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

இனி மாமியாரின் கேள்வி. அதை லேசாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக நிற்கும் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையின் பிறப்பை நஷ்டம் என்று நீதிமன்றம் எழுதினால், அதே நிலையோடு வாழும் மற்றவர்களுக்கு அது என்ன சொல்கிறது? பிரான்சில் இது நாட்டையே உலுக்கியது. கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லாவைக் கண்டுபிடிக்காமல் விட்டதற்காக, ஊனங்களோடு பிறந்த மகன் பெயரிலேயே இழப்பீடு கேட்கலாம் என்று அந்த நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 2000 நவம்பரில் தீர்ப்பளித்தது. பெற்றோர் சங்கங்கள் கொதித்தன. பிறந்ததையே நஷ்டமாகக் காட்டி யாரும் இழப்பீடு கேட்க முடியாது என்று 2002 மார்ச்சில் பாராளுமன்றம் சட்டமே போட்டது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் உங்கள் மகள் பெயரில் “நான் பிறந்திருக்கவே கூடாது” என்ற பொருள் வரும் கோரிக்கை எதையும் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நீங்களும் உங்கள் கணவரும், உங்கள் பெயரில், உங்களுக்கு இழைத்த தவறுக்காக மட்டும் கேளுங்கள். நியூயார்க் நீதிமன்றம் 1978-லேயே இந்தக் கோட்டைப் போட்டது. அங்கே தாய்க்கு 37 வயது. பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றி யாரும் சொல்லவில்லை, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். பிள்ளை பெயரில் வைத்த கோரிக்கையைத் தள்ளிவிட்டு, பராமரிப்புச் செலவைப் பெற்றோர் கேட்கலாம் என்றார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 2000-ல் சாந்த்ரா வழக்கில், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் செய்த அலட்சியத்தால் பிறந்த குழந்தையை வளர்க்கும் செலவை அரசு கொடுக்க வேண்டும் என்றது. அந்தத் தாயை யாரும் பிள்ளையை வெறுத்தவள் என்று சொல்லவில்லை. ஸ்கேனில் குறைகளைக் கவனிக்காமல் விட்ட நாக்பூர் சென்டர் ஒன்று 1.25 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது.

மனுவில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ‘சுமை’, ‘குறைப்பிறவி’, ‘வாழ்நாள் துயரம்’ மாதிரி வார்த்தைகளைச் சில வக்கீல்கள் தொகை கூடும் என்று எழுதிவிடுவார்கள். விடாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலர் எழுதப் படிக்கக் கற்று, வேலைக்கும் போகிறார்கள். உங்கள் மகளும் ஒருநாள் அந்த மனுவைப் படிக்கலாம். ஆபரேஷன் செலவு, பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, சிறப்புக் கல்வி, உங்கள் காலத்துக்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு என்று கணக்காகக் கேளுங்கள். அந்தப் பணம் அவளுக்குத்தான் போகிறது என்று மாமியாரிடமும் சொல்லுங்கள்.

கடினமான இடம் குறுக்கு விசாரணை. “சொல்லியிருந்தால் கலைத்திருப்பீர்களா?” என்று கேட்பார்கள். வாழ்நாள் செலவு முழுவதையும் கேட்க வேண்டுமானால் “ஆம்” என்ற பதில் தேவைப்படும். அது உண்மையாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அன்றைக்கு எடுத்திருக்கக்கூடிய முடிவும், இன்றைக்கு மடியில் இருக்கும் பிள்ளைமேல் உள்ள பாசமும் ஒன்றையொன்று அழிக்காது. “தெரியாது, பெற்றுத்தான் இருப்பேனோ என்னவோ” என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள், தொகைக்காக மாற்ற வேண்டாம். அப்போதும் வழக்கு விழுந்துவிடாது. முன்கூட்டித் தெரிந்திருந்தால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பாதிப்பேர்வரை இதயக் கோளாறோடு பிறப்பதால், வயிற்றில் இருக்கும்போதே இதய ஸ்கேன் எடுத்து, வசதியுள்ள இடத்தில் பிரசவம் வைத்திருக்கலாம். மனதையும் வீட்டையும் தயார் செய்திருக்கலாம். கேட்டும் “நார்மல்” என்று சொன்னது தன்னளவிலேயே சேவைக் குறைபாடு. தொகை குறையும், அவ்வளவுதான். மனுவில் முதலில் வாழ்நாள் செலவு, அது கிடைக்காவிட்டால் சேவைக் குறைபாட்டுக்கான இழப்பீடு என்று இரண்டு கோரிக்கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள்.

மருத்துவ நிபுணர் சாட்சி இல்லாமல் முடியாது என்று பயமுறுத்துவார்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-ல் வி.கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வழக்கில் சிகிச்சை நுணுக்கம் பற்றிய தகராறே இல்லை, வந்த ரிப்போர்ட்டைச் சொன்னார்களா இல்லையா என்பதுதான் கேள்வி. ரிப்போர்ட் ‘லோ ரிஸ்க்’ என்று வந்து, அதற்கு மாறாகக் குழந்தை பிறந்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். எந்த ஸ்கிரீனிங் டெஸ்டும் எல்லாக் குழந்தையையும் கண்டுபிடிக்காது, அதற்கு டாக்டரைக் குறை சொல்வது நியாயமில்லை.

புகாரை உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். 2019 சட்டத்தில் ஆணையத்தின் எல்லை நீங்கள் கட்டிய கட்டணத்தைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது இல்லை. கட்டிய தொகை 5 லட்சம்வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். போலீஸ் புகார் வேண்டாம், பலன் இருக்காது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் இப்படி நடந்தால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது, சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான்.

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மகளின் தேவைகள் காத்திருக்காது. அவளுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியாயிற்றா? இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அங்கேயே மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கும், 1 லட்ச ரூபாய்வரை மருத்துவச் செலவை ஏற்கும் மத்திய அரசின் நிராமயா காப்பீட்டுக்கும் கேளுங்கள். இதய ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று மருத்துவமனையில் இப்போதே விசாரியுங்கள். அவர்கள் தரும் பில் ஒவ்வொன்றின் நகலும் வழக்குக்கு வேண்டும்.