நோத்ர தாமுக்கு டிக்கெட் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்

கேள்வி: அக்டோபர் கடைசியில் பாரிஸ், லியோன், ஸ்ட்ராஸ்பூர்க் போகிறோம். நான், அப்பா, அம்மா, 14 வயது மகள். லியோனில் முதுகலை படிக்கும் 23 வயது தம்பியும் எங்களோடு சேர்ந்துகொள்வான். அப்பாவுக்கு முழங்கால் வலி. டிராவல் ஏஜென்ட் எல்லா இடத்துக்கும் ‘வரிசையில் நிற்க வேண்டாத’ டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குத் தலைக்கு 75 யூரோ, நோத்ர தாமுக்கு 29 யூரோ. மூன்று மாதம் இருக்கும்போதே பணம் கட்டினால்தான் கிடைக்குமாம். கட்டலாமா? (கோவை வாசகி)

கட்டாதீர்கள். ஒரு பைசா கட்டாதீர்கள்.

முதலில் அந்த 29 யூரோவைப் பார்ப்போம். நோத்ர தாம் தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணமே கிடையாது. 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபிறகும் கிடையாது. 1905ஆம் ஆண்டுச் சட்டப்படியே இப்படிப்பட்ட வழிபாட்டு இடங்களைப் பார்க்கக் காசு வாங்கக் கூடாது. 2024 அக்டோபரில் கலாசார அமைச்சரே ‘5 யூரோ வாங்கலாமே’ என்று சொல்லிப் பார்த்தார், திருச்சபை ஒப்புக்கொள்ளவில்லை. நேரம் குறித்துக்கொள்ள முன்பதிவு என்று ஒன்று உண்டு, அதுவும் இலவசம்தான், தேவாலயத்தின் சொந்தத் தளத்தில் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் திறக்கும். அப்படியானால் மூன்று மாதம் முன்பே உங்கள் ஏஜென்ட் எதை விற்கிறார்? அவர் கையில் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. முன்பதிவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நேராகப் போய் நில்லுங்கள், வரிசை நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே கோபுரங்களுக்கு ஏறுவதற்குத் தனி டிக்கெட். 424 படிகள். அப்பாவைக் கீழேயே உட்கார வையுங்கள்.

அப்புறம் இந்த ‘வரிசையில் நிற்க வேண்டாத’ என்ற சொல். பதினைந்து வருடமாகப் பாரிசில் நம் ஊர்க் குடும்பங்களை அழைத்துக்கொண்டு சுற்றுகிறேன், இந்த ஒரு சொல்லால் ஏமாந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு வரிசை உண்டு. ஒன்று டிக்கெட் வாங்கும் வரிசை, இன்னொன்று பையைச் சோதிக்கும் பாதுகாப்பு வரிசை. இணையத்தில் நேரம் குறித்து நேரடியாக டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் முதல் வரிசை இல்லை. இரண்டாவது வரிசையை எந்த ஏஜென்ட்டாலும் தாண்ட வைக்க முடியாது. ஆக, உங்களுக்கு எப்படியும் கிடைக்கப்போகும் ஒன்றுக்குத்தான் லூவ்ரில் தலைக்கு 43 யூரோ கூடுதலாகக் கேட்கிறார்.

போன வருடம் லூவ்ர் வாசலில் ஒரு குடும்பம், பெரியவர்கள் மூன்று பேர், கையில் டிக்கெட் என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். அதில் கியூஆர் கோட் இல்லை, பெயர் இல்லை, நுழையும் நேரம் இல்லை. ‘கண்ணாடிப் பிரமிடு பக்கத்தில் குதிரைச் சிலைக்குக் கீழே பச்சைக் குடை பிடித்தவரைத் தேடவும்’ என்று இருந்தது, அவ்வளவுதான். மழைத் தூறலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள், பச்சைக் குடை நான்கு வந்தது, எதுவும் அவர்களுடையது இல்லை. இப்படி ஆளைத் தேடச் சொல்லும் வவுச்சர் வேறு, உள்ளே விடும் டிக்கெட் வேறு என்று தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தம் வந்து லூவ்ர் திறக்காமல் போகும் நாளும் உண்டு. நேரடியாக வாங்கியிருந்தால் அருங்காட்சியகம் பணத்தைத் திருப்பிவிடும். இடைத்தரகரிடம் வாங்கியிருந்தால் அவர் பின்னால் நீங்கள் அலைய வேண்டும்.

இப்போது லூவ்ர் கணக்கு. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ, ஐரோப்பியர்களுக்குப் பழைய 22 யூரோதான். வெர்சாய் அரண்மனையிலும் இதே இரட்டை விலை வந்துவிட்டது. அதே ஓவியத்தை அதே கூட்டத்தில் நின்று பார்ப்பவருக்குப் பாஸ்போர்ட் பார்த்து விலை வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக 75 யூரோ ஆகாது. நீங்கள், அப்பா, அம்மா மூன்று பேருக்கும் சேர்த்து 96 யூரோ. மகளுக்கு 18 வயது ஆகாததால் எந்த நாட்டுக்காரியானாலும் இலவசம். தம்பிக்கும் இலவசம். ஏஜென்ட் சொல்லும் கணக்குப்படி ஐந்து பேருக்கு 375.

தம்பி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே படிக்கும் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது, வருடக்கணக்காகக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு லூவ்ர், ஓர்சே போன்ற தேசிய அருங்காட்சியகங்களிலும் அரசின் நினைவுச்சின்னங்களிலும் நுழைவு இலவசம். எந்தக் குடியுரிமை என்பது இங்கே பிரச்சினை இல்லை, ஐரோப்பாவில் சட்டப்படி வசிக்கிறாரா என்பதுதான் கேள்வி. சுற்றுலா விசாவில் வரும் 23 வயதுப் பையனுக்குக் கிடையாது, மாணவர் விசாவில் லியோனில் வசிக்கும் உங்கள் தம்பிக்கு உண்டு. 26 பிறந்துவிட்டால் முடிந்தது. பாஸ்போர்ட்டும் நீண்டகால விசாவும் அல்லது வசிப்பு அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், கல்லூரி அடையாள அட்டையை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரான்ஸ் வந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்திருக்க வேண்டும், அந்தச் சான்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இன்னொன்று, இலவசம் என்றாலும் லூவ்ருக்கு அவனுக்கும் மகளுக்கும் பூஜ்ய யூரோ டிக்கெட்டாக நேரம் பதிவு செய்துவிடுங்கள். ஈஃபிள் கோபுரத்தில் இந்தச் சலுகை எதுவும் செல்லாது. அங்கே இளையவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டே தவிர இலவசம் இல்லை.

முன்கூட்டியே வாங்க வேண்டியது நான்குதான்: ஈஃபிள், லூவ்ர், சேந்த் ஷாப்பெல் சிற்றாலயம், போவதாக இருந்தால் வெர்சாய். ஈஃபிள் லிப்ட் டிக்கெட் ஏறக்குறைய 60 நாள் முன்பு திறக்கும், அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நீங்கள் வரும் நேரம் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். நோத்ர தாமுக்கு ஒரு தளம், அதே கட்டடத்தின் கோபுரத்துக்கு வேறு தளம் என்று வைத்திருக்கிறார்கள்! இவ்வளவு பெரிய நாடு ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் பாதித் தரகர்களுக்கு வேலையே இருக்காது. தேடும்போது மேலே ‘விளம்பரம்’ என்று வருபவை பெரும்பாலும் மறுவிற்பனைத் தளங்கள், பெயரும் நிறமும் அசல் மாதிரியே இருக்கும்.

விடுமுறை நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சேயும் வெர்சாயும் திங்கள்கிழமை. திங்களன்று வெர்சாய் வரை ரயிலேறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புபவர்கள் வாரா வாரம் உண்டு. அப்பாவுக்காக ஒன்று: லூவ்ரில் அடையாள அட்டையை வைத்துவிட்டுச் சக்கர நாற்காலி இலவசமாக வாங்கிக்கொள்ளலாம், வெட்கப்பட வேண்டாம், அது பல கிலோமீட்டர் நடக்க வேண்டிய இடம்.

சேந்த் ஷாப்பெலை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 1248இல் அர்ப்பணிக்கப்பட்ட சிற்றாலயம், நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. அதனால் சோதனை கடுமை. கத்தரிக்கோல், சிறு கத்தி, கண்ணாடிப் புட்டி எதுவும் உள்ளே போகாது, கைப்பையில் ஊறுகாய் பாட்டில் இருந்தால் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கீழ்த்தளம் தாழ்வாக, இருட்டாக இருக்கும், ‘இதற்கா இவ்வளவு?’ என்று தோன்றும். அங்கிருந்து குறுகலான சுழல்படி. மேலே தலை வெளிவந்ததும் சுவரே இல்லாத மாதிரி 15 சாளரங்கள், நீலமும் சிவப்புமாக 1,113 காட்சிகள். வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் தரையிலும் ஆட்கள் முகத்திலும் அந்த நிறம் விழும். நான் எத்தனை முறை ஏறியிருப்பேன், இன்னும் ஒரு நிமிடம் பேச்சு வராது.

லியோனுக்கு ஏஜென்ட்டுகள் விற்கும் ‘ரகசியச் சுரங்கப் பாதை டிக்கெட்’ இன்னொரு மோசடி. அவர்கள் சொல்வது திரபூல்கள். வீடுகளுக்கு உள்ளே புகுந்து ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகும் நடைவழிகள், பட்டுத் தொழிலாளர்கள் துணி நனையாமல் தூக்கிச் செல்லப் பயன்படுத்தியவை. பார்க்கக் காசே வேண்டாம். பழைய லியோனில் சேன்ஜான் தெரு 54ஆம் எண் கதவைத் தேடுங்கள். பகலில் கதவோரப் பொத்தானை அழுத்தித் தள்ளினால் திறக்கும், முற்றம் முற்றமாக நடந்து பஃப் தெரு 27இல் வெளியே வருவீர்கள். மேலே மக்கள் குடியிருக்கிறார்கள், அதனால் மெதுவாகப் பேசுங்கள். ஃபூர்வியேர் குன்றுக்கு அப்பாவை நடக்க விடாமல் கம்பிவடரயிலில் கூட்டிப்போங்கள், மேலே பெரிய பேராலயமும் ரோமானிய அரங்கும் இரண்டுமே இலவசம்.

ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயமும் இலவசம். 142 மீட்டர் கூர்கோபுரம், 1874 வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உலகிலேயே உயரமாக இருந்தது. உள்ளே வானியல் கடிகாரம் உண்டு, பொம்மை அப்போஸ்தலர்கள் (இயேசுவின் சீடர்கள்) வலம் வருவது 12:30க்கு, 12:00க்கு அல்ல, அதற்குச் சில யூரோ டிக்கெட் உண்டு. பாரிசிலிருந்து லியோனுக்கு 2 மணி நேரம், ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு 1:45, இந்த இரண்டு பயணத்துக்காக ரயில் பாஸ் வாங்காதீர்கள். பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியே காசு கட்ட வேண்டும்.

வழிகாட்டி வேண்டும் என்றால் ஒருநாள் வையுங்கள், லூவ்ரில் நல்ல வழிகாட்டி இருந்தால் வித்தியாசம் தெரியும். அவரிடம் பிரெஞ்சு அரசின் தொழில்முறை அட்டை இருக்க வேண்டும், முன்பணம் கொடுக்கும் முன் அதன் படத்தைக் கேளுங்கள். ஏஜென்ட் மறுபடி அழைத்து ‘டிக்கெட் இல்லாவிட்டால் விசா தரமாட்டார்கள்’ என்பார். தங்கும் இடம், காப்பீடு, பயணத் திட்டம், வங்கிக் கணக்கு போன்றவற்றைத்தான் கேட்பார்கள், அருங்காட்சியக டிக்கெட்டை அல்ல. இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: பயணத் தேதியிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, ஈஃபிளுக்கு அலாரம் வையுங்கள்.