உதிர்ந்த இலையில் ஒரு பச்சைத் திட்டு

அன்புள்ள ஐயா,

சென்ற நவம்பரில் இங்கிலாந்தில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். உதிர்ந்து கிடந்த ஓக் இலைகள் சிலவற்றில், இலை முழுவதும் பழுப்பேறியிருக்க, நடு நரம்போரம் ஒரு திட்டு மட்டும் பச்சையாகவே இருந்தது. அது நோயா? சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து எலுமிச்சையிலும் வெள்ளிக் கோடுகள் நெளிகின்றன. இரண்டும் ஒன்றா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நோய் இல்லை. ஓக் இலையில் நீங்கள் கண்டது பெரும்பாலும் எக்டோடீமியா சப்பைமாக்குலெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. சிறகு விரித்தால் 5 அல்லது 6 மில்லிமீட்டரே இருக்கும் பூச்சி அது. அதன் புழு இலையின் இரண்டு தோல்களுக்கும் இடையிலுள்ள சதையைத் தின்றபடி நரம்பை ஒட்டி மெல்லிய பாதையாகப் போய், நடு நரம்பும் பக்க நரம்பும் கூடும் மூலையில் திட்டாக விரிகிறது. அடித்தோலில் ஒரு கீறல் இருக்கும். எச்சத்தை அதன் வழியே வெளியே தள்ளிவிடும். நெருங்கிய உறவான எக்டோடீமியா ஹெரிங்கியின் திட்டில் அந்தக் கீறல் இருக்காது.

இந்தப் புழுவுக்கு வாய்த்தது ஒரே இலை; வேறு இலைக்கு மாற வழியில்லை. அதுவோ இலையுதிர் காலத்தில்தான் தின்று வளர்கிறது. மரம் இலையிலிருந்து சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் அந்த வாரங்களிலும், இலை தரையில் விழுந்த பிறகும், புழு இருக்கும் இடம் மட்டும் பச்சையாகவே நிற்கிறது. இலை மூப்படைவதைத் தடுக்கும் சைட்டோகைனின் என்ற தாவர ஊக்கியே இத்தகைய திட்டுகளுக்குக் காரணம். ஆப்பிள் இலையைத் துளைக்கும் வேறோர் அந்துப்பூச்சியை வைத்து பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட முடிவு என்னை இன்றும் வியக்கவைக்கிறது: நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பூச்சியின் உடலிலிருந்த வோல்பேக்கியா பாக்டீரியாவை நீக்கியதும் பச்சைத் திட்டுகள் தோன்றவே இல்லை.

உங்கள் எலுமிச்சையில் இருப்பது வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு. கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெய்ன்டன் இந்தப் பூச்சியை விவரித்தார். ஓக் புழு முதிர்ந்த இலையில் வாழ்கிறது என்றால், இதற்குத் தளிர்தான் வேண்டும்; ஆண்டு முழுவதும் மழை பெய்து, செடி ஓயாமல் துளிர்க்கும் சிங்கப்பூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. இது இலைத்தோலின் உயிரணுக்களைக் கீறிச் சாற்றைக் குடிப்பதால்தான் அந்த வெள்ளி மினுமினுப்பு. நடுவே ஓடும் கறுப்பு இழை அதன் எச்சம். இலை விளிம்பு மடிந்திருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்ளே கூட்டுப்புழு தெரியும்.

மருந்து அடிக்காதீர்கள். மேலே தெளிப்பது தோலுக்குள் இருக்கும் புழுவை எளிதில் எட்டாது. அதைத் தேடி வரும் ஒட்டுண்ணிக் குளவிகள்தான் முதலில் சாகும். கோடு விழுந்த இலையைக் கிள்ளவும் வேண்டாம், மீதிப் பச்சை செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும்.

மகளிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: அடுத்த நவம்பரில் பச்சைத் திட்டுள்ள இலைகளைக் கண்டால் கூட்டி அள்ளாமல் மரத்தடியிலேயே விட்டுவைக்கட்டும். புழு தின்று முடித்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும்.